கூற்றும் களனும்: ஸ்டார் ட்ரெக் அன்பரின் மேற்கோள் விளையாட்டு

ஒருவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லுவார். அதனை மொழிந்த பாத்திரம் எது, எந்தக் கதையில் மொழிந்தது என்பதை மற்றையோர் உய்த்துணர்ந்து கூறுதல் வேண்டும். சரியான விடை பகர்ந்தவர் அடுத்த வாக்கியத்தைத் தொடுக்கும் உரிமை பெறுவார். அமெரிக்காவிலும் ஆங்கிலம் வழங்கும் பிற நாடுகளிலும் 'ஸ்டார் ட்ரெக்' என்னும் தொலைக்காட்சி நாடகத் தொடரின் அன்பர்கள் நெடுங்காலமாக ஆடிவரும் விளையாட்டு இது. வெறும் பொழுதுபோக்கென்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், ஒரு கலைப்படைப்பை அதன் சுவைஞர் எவ்வாறு நினைவிற் கொள்கின்றனர், அந்நினைவினாற் படைப்பு வாழ்கின்றதா தேய்கின்றதா என்னும் வினாவை இவ்விளையாட்டைப் போலத் தெளிவாக எழுப்பும் பிறிதொன்றைக் காண்டல் அரிது.

தொடரை அறியாதார் பொருட்டுச் சில செய்திகளை முன்னர்க் கூறுதல் தகும். ஜீன் ரொடன்பரி என்பவர் வகுத்த இந்நாடகம் 1966 ஆம் ஆண்டு செப்டெம்பர் 8 ஆந் திகதி என்.பி.சி. நிறுவனத்தால் முதன்முதல் ஒளிபரப்பப்பட்டது. 23 ஆம் நூற்றாண்டில் விண்வெளியை ஆராயப் புறப்பட்ட 'எண்டர்பிரைஸ்' என்னும் கலத்தின் கதை அது. அதன் தலைவன் கேர்க். வல்கன் என்னும் வேற்றுலகத் தந்தைக்கும் மண்ணுலகத் தாய்க்கும் பிறந்து, தருக்கத்தையே வாழ்க்கை நெறியாகக் கொண்ட ஸ்பொக். சினமும் இரக்கமும் ஒருங்கே உடைய மருத்துவர் மக்கோய். 'ஸ்கொட்டி' என்று அழைக்கப்படும் பொறியியலாளர் ஸ்கொட் முதலியோர் அதன் பாத்திரங்கள். இரண்டாம் பருவத்தோடு நாடகம் நின்றுவிடும் என்ற அச்சத்தால் அன்பர்கள் கடிதங்களை எழுதிக் குவித்தனர். 1968 மார்ச்சில், தொடர் நீடிக்கும் என்று ஒரு கதையின் முடிவிலே நிலையத்தார் அறிவிக்க வேண்டியதாயிற்று. எனினும் மூன்றாம் பருவத்தோடு, 79 கதைகளளவில், 1969 ஜூன் 3 ஆந் திகதி அது முடிந்தது. உள்ளூர் நிலையங்கள் அதனைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பிய 1970களிலேதான் புகழ் பெருகியது. 1972 ஜனவரியில் நியூயோர்க்கில் அன்பர் மாநாடு கூடியபோது, சில நூற்றுவரை எதிர்பார்த்த இடத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்து நிறைந்தனர். 1979 முதல் திரைப்படங்களும் 1987 முதல் புதிய தொடர்களும் வரலாயின.

முதல் தொடர் ஒளிபரப்பான காலத்தில், வீட்டில் வைத்துக் காட்சியைப் பதிவுசெய்யுங் கருவி பொதுமக்கள் கைக்கு வந்திலது. ஒருமுறை ஒளிபரப்பான கதையை மறுமுறை காண்பது நிலையத்தாரின் விருப்பத்தைப் பொறுத்தது. எனவே உரையாடலை மனத்திற் பதித்துக்கொள்ளுதலே படைப்பைத் தம்முடையதாக்கும் வழியாயிற்று. சிலர் பெட்டியின் அருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பேச்சை மட்டும் நாடாவிற் பிடித்தனர். பீஜோ ட்ரிம்பிள் முதலிய அன்பர்கள் பாத்திரங்களையும் கதைகளையும் தொகுத்து 1969 இலே தாமாக ஒரு பொருளடைவு வெளியிட்டனர்; 1976 இல் அதனை ஒரு பெரிய பதிப்பகம் நூலாக்கியது. மேற்கோள் விளையாட்டின் வேர் இத்தகைய உழைப்பிலே கிடக்கின்றது. நினைவில் வைத்திருப்பவனே படைப்பின் காவலன் என்ற நிலை இருந்தபோது, அந்நினைவைச் சோதித்தல் ஒருவகைக் காவற் கடமையுமாகும். இன்று எக்கதையையும் வேண்டிய நேரத்திற் பார்க்கலாம். உரையாடல் முழுவதும் எழுத்து வடிவிற் கிடைக்கின்றது. காவற் கடமை நீங்கிற்று, விளையாட்டு நீங்கவில்லை. அற்றேல், இன்று அது எதனைச் சோதிக்கின்றது?

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புக்களை எண்ணுமிடத்துக் கூற்றை ஓருறுப்பாகவும், கேட்போர், களன், காலம், பயன் என்பவற்றைத் தனித்தனி உறுப்புக்களாகவும் கொள்ளும். சொன்னவர் இன்னார் என்று தெளிந்த அளவிலே பாட்டின் பொருள் முற்றிவிடுவதில்லை. யார் கேட்கச் சொன்னார், எவ்விடத்து, எப்பொழுது, எப்பயன் கருதி என்பனவும் தெளிய வேண்டும். பாட்டுக்கு அமைந்த இவ்வளவுகோல் விண்கல நாடகத்துக்கும் பொருந்துவதில் வியப்பில்லை. உரையாடலால் இயலும் எப்படைப்புக்கும் இவை இன்றியமையாதன. மேற்கோள் விளையாட்டோ கூற்றை மட்டுமே வினவுகின்றது. கதையின் பெயரைக் கேட்கும்போதும், பொருளை விளக்கும் களனாக அன்றிப் பொதியின்மேல் ஒட்டிய சீட்டாகவே பெரும்பாலும் அதனைக் கேட்கின்றது.

குறையைக் கூறுமுன் நிறையைக் கூறுதல் முறை. ஒரு வாக்கியத்தைக் கேட்ட மாத்திரத்தே அதற்குரியவரை அறிய முடியுமாயின், பாத்திரத்துக்கேற்ற நடையை ஆசிரியர் அமைத்துள்ளார் என்பது அதனாற் போதரும். முதல் தொடரில் இது பெரிதும் கைகூடியுள்ளது. ஸ்பொக்கின் பேச்சு அளவை தவறாது. வியப்பையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும். மக்கோயின் பேச்சு முறைப்பாட்டிலே தொடங்கி உவமையிலே சென்று முடியும். கேர்க்கின் பேச்சிற் கட்டளையும் வேண்டுகோளும் மாறி மாறி வரும். பெயர்களை மறைத்துப் படித்தாலும் மூவரும் ஒருவரோடொருவர் மயங்கார். 1987 முதல் 1994 வரை வந்த 'அடுத்த தலைமுறை' என்னும் தொடரில் இச்சோதனை சில இடங்களிலே தோற்றுவிடுகின்றது. பொறி பழுதுற்ற வகையையும் அதனைச் சீர்செய்யும் வழியையும் பற்றிப் பொறியியலாளர் லா ஃபோர்ஜ் பேசுவதை இயந்திர மனிதனாகிய டேற்றாவின் வாயில் இட்டாலும் வேறுபாடு தோன்றாது. அவ்விடங்களில் 'தொழினுட்பம்' என்று ஒரு குறியை மட்டும் இட்டு எழுத்தாளர் மேலே செல்ல, ஆலோசகர்கள் பின்னர்ச் சொற்களை இட்டு நிரப்பினர் என்று, அத்தொடருக்கு எழுதியவர்களுள் ஒருவராகிய றொனால்ட் மூர் பின்னாளிற் கூறியுள்ளார். பாத்திரம் பேசாத இடத்தில் மேற்கோளும் பிறப்பதில்லை. திறனாய்வாளர் பல பக்கம் எழுதி நிறுவவேண்டிய இக்குறையை விளையாட்டு ஒரு நொடியிற் காட்டிவிடுகின்றது.

இனி, இத்தொடரின் பெயரால் உலகெங்கும் வழங்கும் வாக்கியத்தை நோக்குக. உடலைக் கதிராக மாற்றி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பும் கருவி ஒன்று எண்டர்பிரைஸ் கலத்தில் உண்டு. (வாரந்தோறும் கலம் தரையிறங்குவதைக் காட்டப் பணம் போதாமையாற் புனைந்த உத்தி அது, வறுமை கற்பனையை வளர்த்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு.) அக்கருவியை இயக்கும் பொறியியலாளரை நோக்கி, 'என்னை மேலேற்று, ஸ்கொட்டி' என்று தலைவன் கூறுவதாக உலகம் நம்புகின்றது. 79 கதைகளில் எதனிலும் இச்சொற்கள் இவ்வாறே அமைந்து வரவில்லை. 1986 இல் வெளிவந்த நான்காந் திரைப்படத்தில் 'ஸ்கொட்டி, என்னை மேலேற்று' என்று பெயர் முன்னாக வருவதே மிக நெருங்கிய வடிவம். ஆயினும் அப்பாத்திரத்தில் நடித்த ஜேம்ஸ் டூஹன், 1996 இல் வெளியிட்ட தன்வரலாற்றுக்குச் சொல்லப்படாத அவ்வாக்கியத்தையே தலைப்பாக இட்டார்.

இதனைப் பிழை என்று திருத்துவதோடு அமைவது நுனிப்புல் மேய்தலாகும். பல கதைகளிற் பல சொற்களால் வந்த கட்டளைகளைக் கேட்டோர் ஒன்றாக வடித்தெடுத்த சாரம் அது. ஆசிரியர் எழுதாததைச் சுவைஞர் எழுதி முடித்தனர். எனினும் இவ்வாறு வடித்தெடுக்கும் நினைவு நல்லதையும் தீயதையும் வேறுபிரித்து அறிவதில்லை. 1987 இல் இங்கிலாந்தில் வெளிவந்த கேலிப்பாட்டு ஒன்று, ஸ்பொக் ஒருபோதும் சொல்லாத ஒரு வாக்கியத்தை அவர் வாயில் இட்டது. அதனையும் நாடகத்தின் வாக்கியமென்றே கருதுவோர் பலர். சாரமும் கேலியும் ஒரே நினைவிற் கலந்துவிட்டன.

சொல்லப்படாத வாக்கியத்தினும், உண்மையிற் சொல்லப்பட்டுத் தன் இடத்தை இழந்த வாக்கியமே கவலைக்குரியது. தான் மருத்துவனேயன்றிக் கொத்தன் அல்லன் என்று மக்கோய் கூறுவது விளையாட்டிலே மிக எளிதான வினாக்களுள் ஒன்று. 'நான் மருத்துவன், இன்னது அல்லன்' என்னும் வாய்பாட்டில் அவர் வேறும் பல கூறியுள்ளார். பின்வந்த தொடர்களின் மருத்துவர்களும் அவ்வாய்பாட்டை மரபாகக் கைக்கொண்டனர். எனவே 'கொத்தன்' என்னும் ஒரு சொல்லே விடையைக் காட்டுகின்றது. விடை சொன்னவர் சிரிப்பர். முன்கோபமுள்ள மருத்துவரின் முறைப்பாடு என்பதே அச்சிரிப்பின் பொருள்.

அவ்வாக்கியம் தோன்றிய இடம் வேறு. 1967 மார்ச் 9 ஆந் திகதி ஒளிபரப்பான அக்கதையை எழுதியவர் ஜீன் கூன். ஒரு கோளின் சுரங்கத்திலே தொழிலாளர் பலரை இருளில் ஒளிந்து கொன்ற உயிர் ஒன்று, சிலிக்கனாலாகிய பாறை போன்ற உடலுடையது. சுரங்கத்தார் பயனற்ற உருண்டைக் கற்களென்று உடைத்தெறிந்தவை அதன் முட்டைகள். அது தன் குஞ்சுகளைக் காத்த தாய். கேர்க்கும் ஸ்பொக்கும் எய்த ஆயுதத்தாற் புண்பட்டுக் கிடக்கும் அவ்வுயிருக்கு மருத்துவம் செய்யுமாறு மக்கோய் பணிக்கப்படுகிறார். கல்லாலான ஒன்றுக்கு மருந்திடுவது எவ்வாறு என்னும் திகைப்பிலேதான் அம்மறுமொழி பிறக்கின்றது. அவர் குணமாக்குபவர், எதிரே கிடப்பது நோயாளி என்பதைக் கேர்க் நினைவூட்டுகிறார். மருத்துவர் என்ன செய்தார்? கலத்திலிருந்து சீமேந்து போன்ற கட்டடப் பொருளை வருவித்துப் புண்ணிலே பூசி ஆற்றினார். கொத்தன் அல்லேன் என்றவர் கொத்தனின் தொழிலையே செய்து ஓர் உயிரைக் காத்தார். கேட்போரும் களனும் பயனும் கூடியவிடத்து அவ்வாக்கியம் முறைப்பாடன்று. தன் தொழிலின் எல்லை எதுவென்று அறியாத ஒருவர் அதனைக் கடக்குமுன் நிற்கும் வாயிற்படி. பகைவனென்று எண்ணிய உயிரை நோயாளியாகக் காணுதல் என்னும் அக்கதையின் கருவே அதில் அடங்கியுள்ளது. விளையாட்டு அதனை எடுத்துக்கொண்டு கதையை விட்டுவிட்டது.

வல்கன் மக்களின் வாழ்த்துமொழிக்கும் இக்கதியே நேர்ந்தது. நீடு வாழ்ந்து செழிக்குமாறு கூறும் அவ்வாழ்த்தும், விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்து உயர்த்துங் கைக்குறியும் 1967 செப்டெம்பர் 15 ஆந் திகதி, தியடோர் ஸ்டேர்ஜன் எழுதிய கதையில் முதன்முதல் வந்தன. (கைக்குறியை, இளமையில் யூதர் தொழுகைக் கூடத்திற் குருமார் ஆசி வழங்கியபோது கண்டதிலிருந்து தாம் எடுத்ததாக ஸ்பொக்காக நடித்த லெனாட் நிமோய் கூறியுள்ளார்.) அக்கதையின் இறுதியில், சடங்குப் போரில் தன் நண்பனாகிய கேர்க்கைக் கொன்றுவிட்டதாக ஸ்பொக் நம்புகிறார். மூதாட்டி வாழ்த்துகிறாள். தனக்கு இரண்டும் இல்லையென்று அவர் மறுக்கிறார். இன்று அன்பர்கள் சந்திக்குந்தோறும் மகிழ்ந்து பரிமாறும் வாழ்த்து, பிறந்த நாளிலேயே ஏற்க மறுக்கப்பட்ட வாழ்த்து என்பதை எத்தனை பேர் எண்ணுவர்?

1982 இல் நிக்கலஸ் மேயர் இயக்கிய 'கானின் சீற்றம்' என்னும் திரைப்படத்தின் புகழ்மொழி இவையனைத்தினும் அரிய சிக்கலை உடையது. பலரின் தேவை சிலரின் தேவையினும், அல்லது ஒருவரின் தேவையினும், மேற்பட்டது என்பது அதன் கருத்து. யார் கூற்று என வினவினால் ஸ்பொக் என்பதே உடனடியான விடை. அவ்விடை பாதியே சரி. படத்தின் முற்பகுதியில் அவசரச் செய்தி ஒன்று வர, கலத்தின் தலைமையை நண்பனிடம் ஒப்படைக்க ஸ்பொக் முன்வருகிறார். நண்பன் மனம் நோகுமோ என்று கேர்க் தயங்குகிறார். தருக்கத்தின்படி பலரின் தேவையே சிலரின் தேவையினும் பெரிது என்று ஸ்பொக் கூற, ஒருவரின் தேவையினும் என்று கேர்க் சேர்த்து முடிக்கிறார். அங்கே அது இரு நண்பர் தம்முட் பகிர்ந்துகொண்ட இலேசான பேச்சு.

படத்தின் இறுதியிற் கலத்தைக் காக்கும் பொருட்டுக் கொடிய கதிர்வீச்சு நிறைந்த அறையினுட் புகுந்த ஸ்பொக், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் உயிர்விடும் தறுவாயில் இருக்கிறார். வருந்த வேண்டாம் என்று கூறி, அவ்வாக்கியத்தை மீண்டும் தொடங்குகிறார். சிலரின் தேவை என்னும் பகுதியைக் கேர்க் எடுத்துச் சொல்ல, ஒருவர் என்னும் கடைசிப் பகுதியை இப்போது ஸ்பொக் சொல்லுகிறார். முன்னர் நண்பன் விளையாட்டாகச் சேர்த்த அச்சொல், இங்கே சாகின்றவன் தன்னையே சுட்டும் சொல்லாகின்றது. சொற்கள் அவையே, வாய்கள் இடம் மாறின. அம்மாற்றத்திலே அப்படத்தின் துயரம் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. 1984 இல் வந்த அடுத்த படத்தில், ஸ்பொக்கை மீட்பதற்காகத் தன் கலத்தையும் மகனையும் இழந்த கேர்க், அவ்வாறு செய்தது ஏன் என்று வினவப்பட்டபோது, ஒருவரின் தேவை பலரின் தேவையினும் மேற்பட்டமையால் என்று வாக்கியத்தையே தலைகீழாக்கி விடையிறுக்கிறார். தருக்கம் வகுத்த விதியை நட்பு மறுத்துவிட்டது. இரு படங்களில், மூன்று இடங்களில், இருவர் கூடி இயற்றிய ஒரு கூற்றுக்கு ஒரு பெயரை விடையாக ஏற்கும் விளையாட்டு, தன் கையிலிருப்பது என்னவென்று அறியாமலே அடுத்த வினாவுக்குச் செல்கின்றது. இதனை வினவுவோர் பெயரைக் கேளாது, எப்பகுதியை எவர் எப்போது சொன்னார் என்று கேட்பாராயின், அவ்வினாவே சிறந்த திறனாய்வாகிவிடும்.

ஒரு சொல் மாற்றத்தைக் கொண்டு காலத்தையே அறியவும் இயலும். முதல் தொடரின் முகப்பில் எந்த மனிதனும் சென்றிராத இடம் என்று கேர்க்கின் குரலில் ஒலித்தது, ஆணைக் குறிக்கும் சொல்லாலே அமைந்தது. 1987 இல் தலைவர் பிக்காட்டின் குரலில் அது 'எவரும் சென்றிராத' என்று மாறியது. 1991 இல் வந்த ஆறாந் திரைப்படத்தின் முடிவில், தம் கடைசிக் குறிப்பை உரைக்கும் கேர்க் பழைய சொல்லைத் தொடங்கி, இடையிலே திருத்திப் புதிய சொல்லைச் சொல்லுகிறார். கூர்ந்து கேட்டவருக்கு 25 ஆண்டு வரலாறு அத்தடுமாற்றத்திலே தெரியும்.

அப்படம் மேற்கோள் விளையாட்டைத் தானே ஆடுகின்றது எனலாம். படத்தின் பெயரே 'ஹம்லெட்' நாடகத்திலிருந்து எடுத்தது. பகைவராகிய கிளிங்கன் மக்களின் தலைவர், சேக்ஸ்பியரை மூலமாகிய கிளிங்கன் மொழியிற் படித்தாலன்றிச் சுவைக்கவியலாது என்கிறார். சேர்லொக் ஹோம்ஸின் புகழ்பெற்ற தருக்க விதியைத் தன் முன்னோர் ஒருவரின் மொழியென்றும், நிக்சன் சீனாவுக்குச் சென்றதைப் பழைய வல்கன் பழமொழியென்றும் ஸ்பொக் கூறுகிறார். அதனையும் இயக்கிய மேயர், 1974 இல் ஹோம்ஸைப் பற்றி நாவல் எழுதிப் புகழ்பெற்றவர் என்பதை அறிந்தவர் உள்ளூர நகைப்பர். மேற்கோள் கைமாறும்போது உரிமையும் கைமாறும் என்பதைத் தொடரின் ஆசிரியர்கள் அன்பர்களினும் நன்கு அறிந்திருந்தனர்.

அவர்கள் அதனை நகையின்றி ஆராய்ந்த கதையும் ஒன்றுண்டு. 'அடுத்த தலைமுறை' தொடரில் 1991 செப்டெம்பர் 30 ஆந் திகதி ஒளிபரப்பான 'டார்மொக்' அது. திரைவசனத்தை எழுதியவர் ஜோ மெனோஸ்கி. அதில் வரும் டமேரியன் மக்கள் தம் பழங்கதைகளை மேற்கோளாகக் காட்டியே பேசுகின்றனர். இன்னார் இன்ன இடத்தில், இன்னார் கைகளை விரித்தபடி என்பன போன்ற தொடர்களையன்றி அவர்களுக்கு வேறு பேச்சில்லை. மொழிபெயர்க்கும் பொறி ஒவ்வொரு சொல்லையும் பிழையின்றிப் பெயர்க்கின்றது. பொருள் மட்டும் விளங்கவில்லை. மாடத்தில் நிற்கும் யூலியற் என்றால், அவள் கதையை அறியாதவனுக்கு அது வெறும் பெயரும் இடமுமே என்று கலத்திலுள்ளோர் ஒருவாறு உணர்கின்றனர். அத்தகைய மொழியைக் கொண்டு குழந்தைக்கு அக்கதைகளை முதலிற் கற்பிப்பது எங்ஙனம், விண்கலம் சமைப்பது எங்ஙனம் என்று வினவினால் விடை கிடையாது. அத்தடை நியாயமானதே. ஆயினும் பிற கதைகளிற் காணாத ஒரு துணிவு இதனில் உண்டு: மேற்கோள் தன் களனின்றி ஓசையாகவே எஞ்சும் என்பதை ஓர் இனத்தின் வாழ்வு சாவாகவே ஆக்கிக் காட்டுகின்றது.

டமேரியன் தலைவன் டேதன், பிக்காட்டைத் தன்னோடு ஒரு கோளிலே இறக்கி, கொடிய விலங்கொன்றை இருவரும் சேர்ந்து எதிர்க்க வைக்கிறான். கதை தெரியாதவனுக்கு மேற்கோளை விளக்க அவன் கண்ட வழி, அக்கதையை இருவரும் கூடி வாழ்ந்து காட்டுவதே. அதில் அவன் புண்பட்டு இறக்கிறான். இறக்குமுன், தீயருகே இருந்து கில்கமேஷ், எங்கிடு என்னும் இருவரின் நட்பைப் பிக்காட் அவனுக்குச் சொல்லுகிறார். சொற்கள் விளங்கினவோ என்னவோ, களன் விளங்குகின்றது.

பிக்காட் தன் கலத்துக்கு மீண்டு, தான் கற்ற தொடர்களைக் கொண்டு டமேரியரோடு பேசிப் போரைத் தவிர்க்கிறார். அப்போது அவர்களின் துணைத்தலைவன், நிகழ்ந்து சில நாழிகையே ஆன அச்செய்தியைப் 'பிக்காட்டும் டேதனும் எல்-அட்ரெலில்' என்று ஒரு புதிய மேற்கோளாகச் சொல்லித் தன் மொழியிற் சேர்த்துக்கொள்கிறான். விளையாட்டில் இத்தொடரைக் கேட்டால் அவசரமாக விடை சொல்பவர் பிக்காட் என்பர். அதனைச் சொன்னவன், அக்கதை முழுவதிலும் பெயர் கூறி அழைக்கப்படாத ஒருவன்.